மிளகாய் நாற்று சாய்வது தாகத்தால் அல்ல

"முளைத்த மிளகாய் நாற்று சாய்ந்தால் தண்ணீர் பற்றவில்லை, காலை மாலை ஊற்றி, ஒரு சிட்டிகை யூரியா போடுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நாற்றுத்தட்டு முழுக்கப் போய்விடும்.

தண்டை மண்மட்டத்தில் உற்றுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நீர்கோத்துப் பழுப்பாகி, நூல்போல இளைத்து, மேலே இலை பச்சையாகவே இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற நுண்ணுயிர்களின் வேலை. ஈரம் தேங்கும் மண்ணில்தான் வேகமாகப் பரவும். தாகமென்றால் இலை தொங்கும், தண்டின் அடி இளைக்காது. தண்ணீர் பட்ட சில மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும்.

சாய்ந்தது பிழைக்காது. சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மீதி நாற்றுகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள். கையுறை அவசியம். இனி மேல்மண் காய்ந்தபின், காலையில் மட்டும் தண்ணீர். அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள்.

யூரியா இந்த வயதில் வேண்டவே வேண்டாம். இளவேரைக் கருக்கிவிடும்.

அடுத்த விதைப்பில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையால் விதைநேர்த்தி செய்யுங்கள், அதாவது விதையோடு கலந்து பூசுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு. அதைத் தாமிர மருந்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், செத்துப்போகக்கூடும்.