கையுறை போட்டால் கை கழுவ வேண்டாமா?
மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா ஹோட்டல்களில் உணவு கையாளும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கைச்சுத்தம் பற்றி ஒருவர் எழுதிய அறிவுரையில், "கையுறை போட்டிருந்தால் கை கழுவத் தேவையில்லை" என்ற வரி பிழையானது. போடும் முன்பும் கழற்றிய பிறகும் கழுவத்தான் வேண்டும். மெல்லிய கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். உள்ளே வியர்த்த கையில் கிருமி பெருகும்.

கல்லடியில் ஒரு கடையில் பார்த்தேன். கையுறை போட்ட தம்பி ரொட்டி பிய்த்தார், அதே கையால் காசு வாங்கி மிச்சம் கொடுத்தார், மூக்கைத் துடைத்தார், திரும்பவும் ரொட்டிக்கே போனார். வெறுங்கையாக இருந்திருந்தால் பிசுபிசுப்பு உறுத்தி ஒரு தடவையாவது கழுவியிருப்பார்! பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே வாழும் ஸ்டெஃபிலோகோக்கஸ் ஓரியஸ் என்ற பாக்டீரியா உணவில் பெருகினால், அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் எளிதில் அழியாது.

கைச்சுத்திகரிப்புத் திரவமும் சவர்க்காரத்துக்கு ஈடல்ல. வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரஸிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. சவர்க்காரம் போட்டு 20 விநாடி, நகக்கண்ணையும் பெருவிரலையும் விடாமல் தேய்க்க வேண்டும். இடுப்பில் தொங்கும் துணியில் துடைத்தால் கழுவியது வீண்.

நகம் வெட்ட வேண்டும், மோதிரம் கழற்ற வேண்டும் என்று அந்த அறிவுரையில் எழுதியிருப்பது சரி. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கையுறை போடுங்கள். அங்கே கையுறை உண்மையிலேயே உதவும்.