ரஃபியன் ஜெயித்த பத்து ஓட்டங்கள்

ரஃபியன் என்ற அமெரிக்கப் பந்தயப் பெண்குதிரையின் பெயரைச் சொன்னாலே எல்லாரும் நேராக 1975 ஜூலை 6ஆம் தேதிக்குப் போய்விடுகிறார்கள். அவள் கால் ஒடிந்த நாள் அது. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம். அதற்கு முன்னால் அவள் பத்து முறை ஓடினாள், பத்து முறையும் ஜெயித்தாள். அதையும் யாராவது பேச வேண்டாமா?

முதல் ஓட்டம் 1974 மே 22, நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில். தூரம் ஐந்தரை ஃபர்லாங் (ஒரு மைலுக்கு எட்டு ஃபர்லாங்). இரண்டு வயதுக் குட்டி, அதுவரை பந்தயமே பார்த்ததில்லை. 15 குதிரை நீளம் முன்னால் வந்து முடித்தாள். 1 நிமிடம் 3 விநாடி. அந்த மைதானத்தில் அந்தத் தூரத்துக்கு இருந்த சாதனையை, வந்த முதல் நாளே எட்டிப் பிடித்துவிட்டாள்.

கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் 1972 ஏப்ரல் 17 அன்று பிறந்தவள். கிட்டத்தட்ட கறுப்பு என்றே சொல்லக்கூடிய அடர்பழுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயருக்குப் போக்கிரி என்று பொருள். தகப்பன் வழியில் தாத்தா போல்ட் ரூலர், அதாவது புகழ்பெற்ற பந்தயக் குதிரை செக்ரடேரியட்டின் தகப்பன். தாய் வழியில் தாத்தா நேட்டிவ் டான்சர். வேகத்துக்குப் பஞ்சமே இல்லாத வம்சம். ஆனால் தகப்பன் ரிவியூவர் ஓடிய காலத்தில் கால் எலும்பு முறிவுகளால் அவதிப்பட்டவன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு வயதில் ஐந்து ஓட்டங்கள். சரடோகாவில் நடந்த ஸ்பினவே பந்தயத்தில் ஆறு ஃபர்லாங்கை 1 நிமிடம் 8 3/5 விநாடியில் முடித்தாள். அதன் பிறகு பின்னங்காலில் மயிரிழை விரிசல் கண்டது. பயிற்சியாளர் ஃபிராங்க் வைட்லி அவசரப்படாமல் ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டு மறுபடி களமிறக்கினார். மூன்று வயதில் ஏகார்ன், மதர் கூஸ், கோச்சிங் கிளப் அமெரிக்கன் ஓக்ஸ் மூன்றையும் வென்றாள். பெண் குதிரைகளுக்கான மும்மகுடம் அது. கடைசிப் பந்தயத்தின் தூரம் ஒன்றரை மைல். குறுந்தூர வேகம் மட்டும்தான் இவளுக்கு என்று பேசியவர்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இந்தப் பத்து ஓட்டங்களிலும், நடுவில் எங்கே அளந்தாலும் முதலில் இருந்தது அவள்தான்.

சரி, அப்புறம் எதற்கு ஜூலை 6ஆம் தேதி அந்த மேட்ச் ரேஸ், அதாவது இரண்டே குதிரைகள் மோதும் ஓட்டம்? 1973இல் வீராங்கனை பில்லி ஜீன் கிங் டென்னிஸில் ஆண் வீரர் பாபி ரிக்ஸைத் தோற்கடித்த பரபரப்பு இன்னும் அடங்காத காலம். 1975இல் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தை வென்ற ஆண் குதிரை ஃபூலிஷ் பிளஷரையும் ரஃபியனையும் தனியாக மோதவிட்டால் ஆணா பெண்ணா என்று நாடே பார்க்கும். பரிசுப் பணம் 3,50,000 டாலர். இரண்டு குதிரைகளிலும் ஓடிக்கொண்டிருந்த ஜாக்கி ஹசிந்தோ வாஸ்கெஸ், தனக்கு டெர்பி வாங்கித் தந்த குதிரையை விட்டுவிட்டு இவளைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த ஓட்டத்தை நடத்தியிருக்கவே கூடாது என்பதுதான் என் கருத்து. பல குதிரைகள் ஓடும்போது வேகம் ஏறும், இறங்கும், மூச்சு வாங்க ஒரு இடம் கிடைக்கும். இருவர் மட்டும் ஓடினால் கதவு திறந்த நொடியிலிருந்தே முழு வேகம். அதிலும் இவள் யாரையும் முன்னால் போகவிடாத குணக்காரி. அவளுடைய அந்தக் குணமும் தகப்பன் வழி வந்திருக்கக்கூடிய எலும்பும் தெரிந்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஆணை ஜெயித்துக் காட்டு என்று கேட்டது மனிதர்கள். அவளுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

பாதித் தூரம்கூட ஆகவில்லை. அப்போதும் அவள்தான் அரை நீளம் முன்னால். வலது முன்காலின் கணுவில் உள்ள சிறு எலும்புகள் நொறுங்கிய சத்தம் இரண்டு ஜாக்கிகளுக்கும் கேட்டது. வாஸ்கெஸ் இழுத்துப் பிடித்தும் அவள் நிற்க மறுத்தாள். அன்றிரவு அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் படுத்த நிலையிலேயே ஓடுவது போல் கால்களை உதைத்தாள். போட்ட கட்டு உடைந்து, கால் மறுபடி சேதமானது. அதற்கு மேல் வேதனைப்படுத்த மனமில்லாமல் மறுநாள் அதிகாலை கருணைக்கொலை செய்துவிட்டார்கள்.

குதிரைகள் மயக்கம் தெளிந்து எழும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இவளை வைத்துத்தான் உலகம் கண்ணால் கண்டது. 2006இல் கால் ஒடிந்த பார்பரோ என்ற பந்தயக் குதிரைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவனை நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு எழுப்பினார்கள். உதைத்தாலும் தண்ணீர்தான். அந்த ஒரு வசதி இவளுக்கு இல்லாமல் போனதே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

பெல்மாண்ட் மைதானத்தின் நடுவிலேயே, முகம் வெற்றிக் கோட்டைப் பார்த்தபடி அவளைப் புதைத்திருந்தார்கள். மைதானத்தை மாற்றிக் கட்டும் வேலை வந்தபோது, 2023இல் எச்சங்களை எடுத்து, பிறந்த கிளெய்போர்ன் பண்ணைக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓடிய பத்து ஓட்டங்களிலும் வெற்றிக் கோட்டை முதல் ஆளாகத் தாண்டிவிட்டாளே.