ஈயின் கதைக்கு நீதி கேட்டவர்களுக்கு

கடந்த மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் கதை சொல்லும் போட்டி நடந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3 நிமிடம். தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை அவள் சொன்னாள். என் அம்மாச்சி எனக்குச் சொல்லி, நான் அவளுக்குச் சொன்ன கதை அது. ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் குதிரை கனைக்கும் இடம் வந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து கனைத்தார்கள். நடுவர்கள் இருவரும் அப்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கைக்கு வந்த மதிப்பெண் தாளில் குரல், உடல்மொழி, நினைவாற்றல், நீதி என்று 4 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். முதல் மூன்றிலும் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். நான்காவது கட்டத்தில் சுழியம். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "நீதி கூறப்படவில்லை."

அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பரிசு போனதற்காக நான் கோபப்படவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் வாய்மாறி வந்த கதையை ஏழு வயதுப் பிள்ளை மேடையேறிச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுக் கூட்டமே சிரித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "இதில் ஒன்றுமில்லை" என்று சுழியம் போட ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது?

அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ ஒன்று, வேலை மும்முரத்தில் தன் பெயரையே மறந்துவிடும். வழியில் பார்த்த கன்றுக்குட்டியிடம் "கொழுகொழு கன்றே, என் பெயர் என்ன?" என்று கேட்கும். கன்று தன் தாயைக் காட்டும். தாய்ப்பசு இடையனைக் காட்டும். இடையன் தன் கைக்கோலைக் காட்டுவான். கோல் மரத்தையும், மரம் கொக்கையும், கொக்கு குளத்தையும், குளம் மீனையும், மீன் வலையனையும், வலையன் சட்டியையும், சட்டி குயவனையும், குயவன் மண்ணையும், மண் புல்லையும், புல் அதைத் தின்னும் குதிரையையும் காட்டும். ஒவ்வொரு முறையும் பழைய பெயர்கள் அத்தனையையும் முதலிலிருந்து ஒன்று விடாமல் அடுக்கிய பிறகுதான் புதிய ஆளிடம் கேட்க வேண்டும். கடைசியில் குதிரை, "இது தெரியாதா உனக்கு?" என்று பல்லைக் காட்டி "ஈஈஈ" என்று கனைக்கும். ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். அவ்வளவுதான் கதை.

சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில்தான் இதை நான் முதன்முதலில் கேட்டேன். அந்தக் கரிசல் பூமியில் அப்போது வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். அம்மாச்சியின் வலது கை ஆள்காட்டி விரலில் எந்நேரமும் பசை காய்ந்து, வெள்ளைத் தோல் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்போம். கை பெட்டியை மடித்து ஒட்ட, வாய் கதை சொல்லும். "உம் கொட்டு தாயி, உம் கொட்டலேன்னா கத நின்னுபோகும்" என்பார். நாங்கள் "உம்" என்போம். கன்று, பசு, இடையன் என்று அடுக்கு ஏற ஏற அவர் குரலின் வேகமும் ஏறும்; கையின் வேகமும் ஏறும்; குயவனைத் தாண்டும்போது எங்களுக்கு மூச்சு முட்டும். குதிரை வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார். மீதமிருந்த நாலைந்து பற்களும் தெரிய, விளக்கு வெளிச்சத்தை நோக்கி முகத்தைத் தூக்கிக் கனைப்பார். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுநாள் அந்தத் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்?

என் மகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எண்ணிப் பக்கத்தில் நின்ற ஓர் ஆசிரியை, "ஞாபக மறதி கூடாதுன்னு ஒரு வரி சேர்த்திருந்தா முழு மதிப்பெண் கிடைச்சிருக்கும்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்பதை அறிவேன். ஆனால் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் கதை என்ன ஆகும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா? பெயரைத் தேடிக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றி வந்த ஈ, மறதிக்காகத் தண்டிக்கப்பட்ட மாணவனாகிவிடும். குதிரையின் கனைப்பு, வாத்தியாரின் அதட்டலாகிவிடும். பிள்ளைகள் எதற்காகச் சிரித்தார்களோ, அதுவே அங்கே இல்லாமல் போய்விடும்.

இந்தக் கதையால் நினைவாற்றல் வளரும், சொல்வளம் பெருகும், குயவனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு தெரியும் என்றெல்லாம் என்னாலும் வாதாட முடியும். அப்படி வாதாட நான் மறுக்கிறேன். பயன் சொல்லித்தான் ஒரு கதையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலைக்கு நம்மைத் தள்ளியதே அந்த நான்காவது கட்டம்தான்.

இன்று கடைகளில் கிடைக்கும் சிறுவர் கதைப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றைப் புரட்டிப் பாருங்கள். கதையின் அடியில் கட்டம் போட்டு "நீதி" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் மகள் இப்போது புத்தகத்தைத் திறந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் படிக்கிறாள், தேர்வில் கேட்பார்கள் என்று. காக்கையும் நரியும் வடையும் வரும் கதைக்கு "புகழ்ச்சிக்கு மயங்காதே" என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அதே கதையை அம்மாச்சி சொன்ன இரவில் எங்கள் திண்ணையில் நடந்தது வேறு. காக்கை தின்னக் கூடாது, அது திருடியது என்று ஒருவன் சொன்னான். நரி மட்டும் யோக்கியமா என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாச்சி, "வட சுட்ட கெழவிக்கு யாரு துட்டுக் குடுப்பா?" என்றார். எங்களுக்கு வாயடைத்துப்போயிற்று. கதையின் தொடக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்து வடை சுட்டவளை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். அச்சடித்த நீதியில் அந்தக் கிழவிக்கு இடமே இல்லை.

விக்கிரமாதித்தன் கதையில் முதுகில் தொங்கும் வேதாளம் ஒவ்வொரு கதையையும் கேள்வியோடுதான் முடிக்கும். அரசன் வாய் திறந்து விடை சொன்னதும் அது மறுபடி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். அரசன் சொன்ன விடையோடு எங்களுக்குச் சண்டை. அந்தச் சண்டை மறுநாள் கண்மாய்க் கரை வரை நீளும். கதை கேட்ட பிள்ளையின் மனத்தில் ஒரு முடிச்சு விழ வேண்டும். அதை அவிழ்ப்பது அந்தப் பிள்ளையின் பாடு. கதை சொன்ன வாய் மூடுவதற்குள் முடிச்சை அவிழ்த்து, மடித்து, முத்திரை குத்தி ஏன் கொடுக்கிறீர்கள்?

நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்திலேயே, வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோவில் இருக்கிறது. பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளை, அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி சோறில்லாமல் விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள் அவள். மூத்தவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும் இடத்தில் அம்மாச்சிக்குக் குரல் உடைந்துவிடும். பசை விரலாலேயே கண்ணைத் துடைப்பார். நாங்களும் அழுதபடி தூங்கிப்போவோம். அந்தக் கதைக்கு என்ன நீதி எழுதுவீர்கள்? பஞ்ச காலத்தில் பிறந்த வீட்டுப் படியேறி, வயிற்றுக்கில்லாமல் திரும்பிய பெண்களின் நினைவு அதில் இருக்கிறது. ஒரு வரிக்குள் அது அடங்குமா? அடங்காது என்பதால்தான், "பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல" என்று அதை ஒதுக்கியே விட்டார்கள்.

நீதிக் கதைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு உலக நடப்பைக் கற்றுக்கொடுக்கவென்றே அமைந்தது; அதற்கு நீதி அழகு. ஆனால் எல்லாக் கதையும் பஞ்சதந்திரம் இல்லை என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை வகைப்படுத்தும்போது, "பொருளொடு புணராப் பொய்ம்மொழி" என்று, அதாவது உலக நடப்போடு பொருந்தாத கற்பனைப் பேச்சு என்று, ஒன்றைத் தனியாகவே எண்ணி வைத்திருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய, பேராசிரியர் என்ற பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு அங்கே போயின, இதைச் செய்தன என்பது போலக் கட்டி, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு வழிவழியாக வரும் கதைகளை எடுத்துக்காட்டுகிறார். ஈயும் குதிரையும் பேசிக்கொள்ளும் எங்கள் அம்மாச்சியின் கதை அந்த வரிசையில் வருவதுதான். இலக்கணமே இடம் கொடுத்து வைத்த ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் தாளில் இடமில்லையாம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) ஆண்டுக்கணக்கில் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். சொன்னவர்களின் வாய்மொழியில் இருந்த மணம் போய்விடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. நாமோ அந்த மணத்தையே குறை என்று குறித்து, ஒரு குழந்தையின் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

போட்டி முடிந்த அன்றிரவு என் மகள் கதை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நானாகவே, தன் நிழலோடு சண்டை போட்ட சேவலின் கதையைத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "இதுக்கு நீதி என்னம்மா? முதல்லயே சொல்லிடுங்க" என்றாள். "உம்" கொட்ட வேண்டிய வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கதையை முடிக்காமலே அவளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டும் போட்டி வரும். அவளுக்கு விருப்பமிருந்தால் அதே ஈயின் கதையைத்தான் சொல்வாள். ஒரு வரியும் கூட்டிச் சொல்ல நான் விடப்போவதில்லை. நீதிக்கான கட்டத்தில் நீங்கள் மறுபடியும் சுழியமே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குதிரை வரும் இடத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.