ரிவெர்ப் போட்டால் ஜாய் டிவிஷன் ஆகிவிடாது

கருப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோடுகள் மலை மலையாய் அடுக்கிய அந்தப் படம், ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காதவர்களுக்கும் தெரியும். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் பர்னெல் கண்டறிந்த முதல் பல்சரின் (சுழன்றபடி ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) துடிப்புகள் அவை. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடாக இருந்ததை அட்டை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் நிறம் மாற்றிப் போட்டார். அப்படி உருவான, முதல் ஆல்பம் 'அன்நோன் பிளெஷர்ஸ்' அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. படம் ஊரெல்லாம் போய்விட்டது. உள்ளே இருக்கும் ஒலியைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தப்பாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தப்பு எங்கே என்றால், எல்லாவற்றின் மேலும் ரிவெர்ப்பை (பெரிய அறையில் ஒலி முழங்குவது போன்ற எஃபெக்ட்) ஊற்றி, அடித்தொண்டையில் பாடினால் போதும் என்று நினைப்பதில். அந்த ஆல்பத்தில் கேட்பது எதிரொலியைவிட இடைவெளிதான். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி அறையில் இருக்கிற மாதிரி. அது எப்படி வந்தது என்பது தெரியாமல் பிளக்-இன் (எஃபெக்ட் மென்பொருள்) வாங்கிப் பிரயோஜனமில்லை.

1979 ஏப்ரல், மான்செஸ்டர் பக்கத்து ஸ்டாக்போர்ட், ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ. மூன்று வாரக்கடைசிகளில் ரெக்கார்டிங் முடிந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட், டிரம்மர் ஸ்டீபன் மாரிஸை முழு செட்டை ஒரே மூச்சில் வாசிக்க விடவில்லை. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தனி, ஸ்னேர் (சடசடக்கும் சின்ன டிரம்) தனி, ஹை-ஹாட் (மிதித்து மூடும் ஜோடி சிம்பல்) தனி. கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. முழு செட்டை வாசிக்கும்போது ஸ்னேர் மைக்குக்குள் ஹை-ஹாட்டும் வந்து விழும். அந்த ஸ்னேரை டிலேயில் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) போட்டால் ஹை-ஹாட்டும் சேர்ந்து டிலேயாகி, எல்லாம் இரைச்சலாய்க் கலங்கிவிடும். ஸ்னேரை மட்டும் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அது சுத்தமாகத் தனியே இருந்தாக வேண்டும். ஹானட் கையில் இருந்தது பர்ன்லியில் தயாரான ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே. அப்போது அது புத்தம்புதுச் சரக்கு.

டிரம்மருக்கு இது நரகம். கைகால் நாலும் சேர்ந்து ஓடுகிற உடம்பு அவருடையது. ஒன்றை மட்டும் வாசிக்கச் சொன்னால் தாளத்தின் நடை போய்விடும். மாரிஸ் மிச்சத்தைத் தன் தொடையில் தட்டிக்கொண்டு சமாளித்தார். அந்த இயந்திரத்தனமான நடையில் பாதி இப்படிப் பிறந்ததுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் முயற்சி செய்பவர்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். முதல் சுற்றுப் பதிவில் கிக், ஸ்னேர், டாம் டிரம்கள் மட்டும். சிம்பலும் ஹை-ஹாட்டும் இருக்கிற இடத்தில் தலையணையை வைத்து அதில் அடிக்கலாம், நடை கெடாது. இரண்டாம் சுற்றில் சிம்பலும் ஹை-ஹாட்டும். பிறகு ஸ்னேருக்கு மட்டும் டிலே. 30 மில்லிசெகண்டுக்குள் வைத்தால் அடி தடிமனாகும்; 50-ஐத் தாண்டினால் இரண்டாவது அடி தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். டிலேயின் சத்தம் அசலுக்குச் சமமாக இருக்கக் கூடாது. சமமாக வைத்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தகரக் குழாய்க்குள் தட்டின மாதிரி இருக்கும். ஒரு 6 டெசிபெல் குறைத்துவிட்டு, மோனோவில் (இடது, வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து) ஒருமுறை கேளுங்கள். ஹெட்ஃபோனில் அழகாக இருந்தது மோனோவில் காணாமல் போவது இங்கேதான். ரிவெர்ப் வேண்டுமென்றால் ஒரே ஒரு வாத்தியத்துக்கு, அதுவும் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு.

அடுத்தது பீட்டர் ஹுக்கின் பேஸ் கிதார். கிதார்காரர் பெர்னார்ட் சம்னரின் ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தத்தில் தன் மட்டமான ஆம்பில் கீழ் ஸ்வரங்கள் தனக்கே கேட்காததால் மேலே ஏறி வாசித்தார். பாடகர் இயன் கர்டிஸுக்கு அது பிடித்துப்போனது. மெட்டு பேஸுக்குப் போனது, கிதார் ஓரமாக நின்று உரசியது. மெல்லிய இரண்டு தந்திகளில் பிக் வைத்து வாசித்து, திறந்த டி தந்தியைத் தம்புரா மாதிரி கூடவே ஒலிக்க விடுவது ஹுக்கின் பாணி.

நகலெடுப்பவர்கள் கோரஸ் பெடலை (ஒரு வாத்தியத்தைப் பல சேர்ந்து ஒலிப்பது போலக் காட்டும் எஃபெக்ட்) வாங்குவார்கள், பேஸின் இன்டோனேஷனை (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதை) பார்க்க மாட்டார்கள். திறந்த தந்தி கூடவே ஒலிக்கும்போது 12-வது ஃபிரெட்டுக்கு மேலே மயிரிழை சுருதி விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். 12-வது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்தி வாசிக்கும் ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்தின ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜ் சேடிலை (தந்தி உட்காரும் சின்னத் தாங்கி) பின்னால் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். அதற்கப்புறம்தான் கோரஸ், அதுவும் ஆழம் குறைவாக. கிதார்காரர் அதே உயரத்தில் கார்டு கார்டாக நிரப்பினால் மொத்தமும் கெட்டது. அவர் சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாணியில் கஷ்டமான பாடம்.

சின்னச் சின்ன ஒலிகளும் உண்டு. 'இன்சைட்' தொடக்கத்தில் கேட்பது ஸ்டுடியோவின் லிஃப்ட். அதே பாட்டில் கர்டிஸின் குரல் தூரமாகத் தெரிய அதைத் தொலைபேசி வழியாக அனுப்பிப் பதிந்தார் ஹானட். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாட்டுக்கு ஸ்னேரோடு சேர்த்து டேப் ஹெட் துடைக்கும் ஸ்ப்ரேயை அடித்தார் மாரிஸ், மூடின அறைக்குள். மூச்சு முட்டிப்போயிருக்கிறது.

சம்னருக்கும் ஹுக்குக்கும் இந்த மிக்ஸ் பிடிக்கவே இல்லை. மேடையில் தாங்கள் கனமும் வேகமுமாக வாசித்ததை ஹானட் அடக்கிவிட்டார் என்று குறைப்பட்டார்கள். ஹுக் பின்னாளில் அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டார். ஹானட் இல்லாத அவர்களையும் கேட்டிருக்கிறோமே: 1978-ல் சொந்தமாக வெளியிட்ட நாலு பாட்டு இ.பி.யை (ஆல்பத்தைவிடச் சின்ன இசைத்தட்டு) ஏழு அங்குலத் தட்டில் திணித்தார்கள். பக்கத்துக்கு நேரம் கூடினால் பள்ளங்கள் நெருங்கும், சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். மங்கிப்போன அந்த ஒலியால் அதே வருஷம் பன்னிரண்டு அங்குலத்தில் மறுபடி போட வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஆல்பம் 'குளோசர்', 1980 மார்ச்சில் லண்டன் பிரிட்டானியா ரோவில். சின்தசைசர் முன்னே வருகிறது, அறை இன்னும் குளிர்கிறது. எனக்கு முதல் ஆல்பத்தைவிட இதுதான் உசத்தி. 'ஹார்ட் அண்ட் சோல்' ஒன்று போதும். மே 18-ம் தேதி, அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பவிருந்த நேரத்தில், கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. ஆல்பம் ஜூலையில் வந்தது. சாவின் வெளிச்சத்திலேயே இதைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டால் தாள வேலை காதில் விழாது.

தாக்கம் என்று பார்த்தால், 1980-லேயே கிரேஸ் ஜோன்ஸ் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடிவிட்டார், 1994-ல் நைன் இன்ச் நெய்ல்ஸ் 'டெட் சோல்ஸ்' எடுத்தார்கள், 2002-ல் இன்டர்போல் குழு, அண்மையில் மின்ஸ்கிலிருந்து மோல்சாட் டோமா குழு இதே வழியில் வந்தார்கள். மிஞ்சிய மூவரும் நியூ ஆர்டராகி, 1983-ல் டிரம் மெஷின் ஓட்டும் 'ப்ளூ மண்டே' பாட்டைச் செய்தார்கள். டிரம்மைத் தனித்தனியாக வெட்டிய அந்தப் பழக்கம் டிரம் மெஷினில் போய்ச் சேர்ந்தது எனக்கு ஆச்சரியமில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். 1979 ஜனவரியில் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிந்த 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' கிடைக்கிறது. நாலு பேரும் ஒரே அறையில் நிற்கிற ஒலி. அதை முதலில் கேட்டுவிட்டு, ஏப்ரலில் ஸ்ட்ராபெரியில் பதிந்ததைப் போடுங்கள். ஸ்னேர் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.