வரைபடத்துக்கு முன் வந்த வரலாறு: மார்கரெட் ஆர்ச்சரைப் பற்றி

ஒரு நாட்டில் நூற்றுக்கு 5 பேருக்கு மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தறிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அரசு முடிவெடுக்கிறது. முதல் ஆண்டு முடிவில் 10, பிறகு 20, 40, 80. ஐந்தாம் ஆண்டில்தான் எல்லோருக்கும் எழுத்து வருகிறது. இதே திட்டத்தை நூற்றுக்கு 25 பேர் எழுத்தறிந்த நாட்டில் தொடங்கினால் இரண்டே ஆண்டுகளில் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டு நாட்டிலும் உழைப்பு ஒன்றுதான், மன உறுதியும் ஒன்றுதான். வேறுபாடு அந்த முதல் எண்ணிக்கையில் இருக்கிறது. இன்று பாடுபடுகிறவர்களுக்கு முந்தைய தலைமுறைகள் செய்ததாலும் செய்யாமல் விட்டதாலும் சேர்ந்துபோன எண்ணிக்கை அது. இன்றைய தலைமுறை அதை உண்டாக்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் அழிக்கவும் முடியாது. முயன்றால் மாற்றலாம், ஆனால் மாற்ற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அந்தப் பழைய எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. வாதம் சமூகவியலாளர் மார்கரெட் ஆர்ச்சருடையது. கியூபாவில் காஸ்ட்ரோ நடத்திய எழுத்தறிவு இயக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்து 1982இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் இதைச் சொன்னார். சமூகக் கட்டமைப்பு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது அது மனிதர்கள் அன்றாடம் செய்யும் செயல்களுக்கு நாம் வைத்த பெயர்தானா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆர்ச்சர் 1943இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்து 1967இல் முனைவர் பட்டம் பெற்றார். பாரிசில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் ஆய்வுக் குழுவோடு சிறிது காலம் இருந்தார். வார்விக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றினார். 1986இல் பன்னாட்டுச் சமூகவியல் கழகத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2023 மே 21 அன்று காலமானார். சமூகக் கட்டமைப்புகள் நம் எண்ணத்தைச் சாராமல் உண்மையாகவே இருக்கின்றன என்று கொள்ளும் விமர்சன யதார்த்தவாதம் என்ற தத்துவ மரபை ராய் பாஸ்கர் தொடங்கிவைத்தார் என்றால், அந்தத் தத்துவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமூக ஆய்வு செய்ய முடியும் என்று காட்டியவர்களில் ஆர்ச்சரே முதன்மையானவர் என்பது என் கருத்து.

அவர் மறைவுக்குப் பிறகு வந்த அஞ்சலிகளிலும் அவரை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளிலும் ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. ஆய்வேடுகளை மதிப்பிடும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அவற்றில் ஆர்ச்சரின் பெயர் வந்தால், அடுத்த பக்கத்தில் அந்த வரைபடமும் வந்துவிடும்: மேலே ஒரு கோடு, கட்டமைப்பு நிபந்தனை, நடுவில் ஒரு கோடு, மனிதர்களின் ஊடாட்டம், கீழே ஒரு கோடு, கட்டமைப்பு விரிவாக்கம், கோடுகளின் முனைகளில் காலம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற குறிகள். அதைப் போட்டுவிட்டு ஆய்வாளர் தம் பேட்டிகளுக்குப் போய்விடுவார். காலம் ஒன்று என்பது எந்த ஆண்டு, அப்போது யார் கையில் என்ன இருந்தது, எதற்காக யாரோடு யார் மோதினார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆர்ச்சரை வரைபடமாகவே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1995இல் வெளிவந்த கோட்பாட்டு நூலில் அது முழு வடிவம் பெறுகிறது. ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1979இல், கல்வி அமைப்புகளின் சமூகத் தோற்றுவாய்களைப் பற்றி ஏறத்தாழ 800 பக்கங்களில் ஒரு வரலாற்று ஆய்வை அவர் வெளியிட்டிருந்தார். இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளில் அரசுக் கல்வி அமைப்பு எப்படித் தோன்றியது, தோன்றிய விதம் பின்னால் வந்த மாற்றங்களை எப்படி வழிநடத்தியது என்பதே கேள்வி. நான் ஆர்ச்சரைப் புரிந்துகொண்டது அந்த நூலின் இங்கிலாந்து, பிரான்ஸ் பகுதிகளை அருகருகே வைத்துப் படித்தபோதுதான்.

இங்கிலாந்தில் கல்வி ஆங்கிலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தது. திருச்சபையைச் சேராத கிறித்தவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இருந்த தடைகள் 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முழுமையாக நீங்கவில்லை. தொழிற்புரட்சியில் வளர்ந்த முதலாளிகளில் பலர் இப்படி ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் பணம் இருந்தது; அரசியல் அதிகாரம் இல்லை; ஆட்சியில் இருந்தவர்களோ திருச்சபையின் நண்பர்கள். சட்டம் போட்டுத் திருச்சபையை அகற்ற வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தங்களுக்கென்று பள்ளி கட்டுவார்கள். கட்டினார்கள். போட்டியைச் சமாளிக்கத் திருச்சபையும் 1811இல் தன் சங்கத்தை நிறுவிப் பள்ளிகளைப் பெருக்கியது. இரு தரப்பும் வளர்ந்துகொண்டே போய், எவராலும் மற்றவரை வெல்ல முடியாத நிலையில், இருவருமே அரசின் கதவைத் தட்டினார்கள். 1833இல் நாடாளுமன்றம் 20,000 பவுண்டு ஒதுக்கியபோது அந்தப் பணம் இரண்டு தரப்புச் சங்கங்களுக்கும்தான் போனது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்கூட இருந்த பள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, இல்லாத இடங்களை மட்டும் நிரப்பியது. ஆகவே இங்கிலாந்தின் கல்வி அமைப்பு, கீழிருந்து முளைத்த பல வலைப்பின்னல்களை ஒட்டுப்போட்டுச் சேர்த்ததாக, மையமில்லாத அமைப்பாக உருவானது.

பிரான்சில் நடந்தது வேறு. அங்கே 1789 புரட்சி நடுத்தர வர்க்கத்தின் கையில் சட்டமியற்றும் அதிகாரத்தையே கொடுத்துவிட்டது. போட்டிக்குப் பள்ளி கட்ட வேண்டிய தேவை இல்லை. திருச்சபையின் கல்வி உடைமைகளைப் பறித்து, கற்பிக்கும் துறவற சபைகளைக் கலைத்தால் போதும். இடித்தார்கள். ஆனால் இடித்த இடத்தில் உடனே எதுவும் எழவில்லை. ஏனென்றால் இடிப்பதற்கு அதிகாரம் போதும், எழுப்புவதற்குப் பொருள்வளம் வேண்டும். அந்த வளத்தை அரசு வழியாக மட்டுமே திரட்ட முடிந்தது. நெப்போலியன் 1806இல் சட்டமியற்றி 1808இல் ஒழுங்குபடுத்திய பேரரசுப் பல்கலைக்கழகம், நாட்டின் கல்வி முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. மேலிருந்து கட்டப்பட்டதால் அது மையப்பட்ட அமைப்பாயிற்று.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல வரலாற்று ஒப்பீடு என்ற அளவில் போயிருக்கும். ஆர்ச்சர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அமைப்பு உருவான பிறகு, அதை மாற்ற விரும்பும் புதிய தலைமுறைக்கு என்ன வழிகள் திறந்திருக்கின்றன? இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் தம் வகுப்பறையிலேயே சிறிய மாற்றத்தைத் தொடங்கலாம். பணமுள்ள ஒரு தரப்பு தனக்கு வேண்டிய பயிற்சியைப் பள்ளியோடு நேரடியாகப் பேசிப் பெறலாம். அரசியல் வழியாகவும் முயலலாம். மாற்றம் சிறுகச் சிறுக நடக்கும். பிரான்சிலோ ஏறக்குறைய எல்லாக் கோரிக்கைகளும் அரசியல் மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் அதிருப்தி தேங்கும், தேங்கி உடையும், உடைந்தபின் பெரிய சட்டம் ஒன்று வரும். 1968 மே மாத மாணவர் கிளர்ச்சியையும் அதே ஆண்டு நவம்பரில் வந்த உயர்கல்விச் சட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது, பிரெஞ்சு மாணவர்களின் 'இயல்பு' பற்றிய பேச்சுகள் எவ்வளவு பொருளற்றவை என்று தெரிகிறது. அந்த மாணவர்கள் நெப்போலியனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள். ஆனாலும் அவர் விட்டுச் சென்ற ஒரு வடிவத்துக்குள் இருந்துகொண்டுதான் அவர்களால் போராட முடிந்தது.

அந்த மூன்று கோடுகளும் இந்த உழைப்பிலிருந்து வந்தவை. முன்பு இருந்தது, இடையில் மனிதர்கள் செய்தது, பிறகு விளைந்தது என்று காலத்தில் பிரித்துப் பார்த்தால்தான் எது எதனால் நடந்தது என்று சொல்ல முடியும் என்பதை அவர் ஆவணங்களுக்குள் இருந்து கற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆண்டனி கிடன்ஸோடு அவருக்கிருந்த பிணக்கின் வேரும் இதுவே. கட்டமைப்பும் செயலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள், பிரிக்க முடியாதவை என்று கிடன்ஸ் சொன்னபோது பலருக்கு அது பெரிய விடுதலையாகத் தோன்றியது. தனிமனிதரைச் சமூகத்தின் பொம்மையாக்குவது ஒரு தவறு. சமூகத்தைத் தனிமனிதர்களின் கூட்டுத்தொகையாக்குவது இன்னொரு தவறு. இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிசைந்துவிடுவது மூன்றாவது தவறு என்றார் ஆர்ச்சர். பிசைந்தபின், எழுத்தறிவுக் கணக்கில் ஐந்து ஆண்டு ஏன், இரண்டு ஆண்டு ஏன் என்று கேட்கவே வழியில்லாமல் போகிறது. இந்த வாதத்துக்கு இன்றுவரை திருப்தியான மறுமொழியை நான் படித்ததில்லை. பண்பாட்டுக்கும் இதே பிரிப்பு பொருந்தும் என்று 1988இல் அவர் எழுதிய நூல் தனிப் பதிவுக்கு உரியது.

ஆனால் கட்டமைப்பு மனிதர்மேல் எப்படித் தாக்கம் செலுத்துகிறது? 2000க்குப் பிறகு ஆர்ச்சர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி இது. மற்ற பலர் கவனிக்காமல் விட்ட ஒன்றை அவர் கவனித்தார். தடை என்பது தடுப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் தடையாகும். வீட்டு வாடகை ஏறுவது அந்த ஊருக்குக் குடிபோக நினைப்பவருக்குத்தான் தடை. நினைப்பு இல்லாதவரை அது தொடுவதே இல்லை. ஆகவே, ஒருவர் எதைப் பொருட்படுத்துகிறார், அதற்காக என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று தெரியாமல் சூழ்நிலை அவரை என்ன செய்தது என்று சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அவர் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பது. தமிழில் இதற்கு 'நெஞ்சொடு கிளத்தல்' என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. கலைச்சொல்லாக்கம் செய்பவர்கள் அதை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

அவர் பேட்டி எடுத்த முறையும் இதற்கேற்ப இருந்தது. திட்டமிடுவது, ஒத்திகை பார்ப்பது, நடந்ததை மறுபடி மனத்தில் ஓட்டுவது, எது முதலில் என்று வரிசைப்படுத்துவது, ஒருவரோடு கற்பனையில் பேசுவது, கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுவது என்று மனத்துக்குள் நடக்கும் பத்து வேலைகளைச் சொல்லி, இவற்றில் நீங்கள் எதைச் செய்வீர்கள் என்று சாதாரண மக்களைக் கேட்டார். தமக்குள் பேசியதை நெருங்கிய ஒருவரிடம் சொல்லி முடித்தால்தான் முடிவெடுக்க முடியும் என்பவர்கள், தாமே முடிவெடுத்து உடனே செயலில் இறங்குபவர்கள், தம் எண்ணத்தையே திரும்பத் திரும்ப விசாரணைக்கு உட்படுத்துபவர்கள், பேசப் பேசக் குழப்பமும் வேதனையும் மட்டுமே மிஞ்சுபவர்கள் என்று நான்கு வகையினரை அந்தப் பேட்டிகளில் கண்டார். ஊரைவிட்டுப் போனால் பதவி உயர்வு என்ற நிலையில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுப் போக மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால், அதை இயலாமை என்று பதிவு செய்ய நமக்குப் பழகிப்போயிருக்கிறது. தமக்கு எது பெரியது என்று எடைபோட்டுப் பார்த்து விலைகொடுத்து வாங்கிய வாழ்க்கை அது என்று ஆர்ச்சர் பதிவு செய்தார். அவரது எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இந்த மரியாதைதான்.

இங்கே எனக்கு ஒரு மாறுபாடும் உண்டு. பழக்கம் என்பதன் வலிமையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். வேகமாக மாறும் உலகில் பழைய பழக்கங்கள் வழிகாட்டாது, ஒவ்வொருவரும் சிந்தித்தே வழி தேட வேண்டியிருக்கிறது என்று 2012 நூலில் வாதிட்டபோது, ஊறிப்போன பழக்கமே நம் செயல்களைப் பெரிதும் வழிநடத்துகிறது என்ற பூர்தியுவை அவர் தேவைக்கு மேல் ஒதுக்கிவைத்தார். நாம் நமக்குள் பேசும் அந்தப் பேச்சின் சொற்களும் தயக்கங்களும்கூட எங்கோ பழகியவைதாம். இருவரையும் இணைக்க முடியும் என்று டேவ் எல்டர்-வாஸ் போன்றவர்கள் விமர்சன யதார்த்தவாதத்துக்கு உள்ளிருந்தே எழுதியிருக்கிறார்கள். அந்த விவாதத்தில் நான் அவர்கள் பக்கம். கருத்து வேறுபாட்டை மறைத்து எழுதப்படும் புகழுரை, வாதிடுவதற்கு ஒருநாளும் தயங்காத ஒருவருக்குப் பொருந்தாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

2014இல், 71 வயதில், வத்திக்கானின் சமூக அறிவியல் கழகத்துக்குத் தலைவராகப் பொறுப்பேற்று, மனிதக் கடத்தல் குறித்த பணியை முன்னெடுத்தார். கத்தோலிக்க நம்பிக்கையை அவர் மறைத்ததில்லை. அந்த நம்பிக்கை இல்லாத எனக்கும் அவர் வாதங்களைப் படிப்பதில் எந்தத் தடையும் ஏற்பட்டதில்லை.

ஆர்ச்சரை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். 1979 நூலில் இங்கிலாந்து, பிரான்ஸ் பகுதிகளை முதலில் படியுங்கள். அடுத்து 2003இல் வந்த அகப்பேச்சு பற்றிய நூலில் பேட்டிகள் வரும் அத்தியாயங்களைப் படியுங்கள். 1995 நூலைக் கடைசியில் திறவுங்கள். அதன்பின் உங்கள் ஆய்வேட்டில் அந்த மூன்று கோடுகளைப் போடுவதானால், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஓர் ஆண்டை எழுதுங்கள். அந்த ஆண்டில் பள்ளியின் சாவி யார் கையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.