பங்காளிகள் ஆடும் ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆகச் சிறந்த பரம்பரைப் போட்டி எது என்ற விவாதம் ஒவ்வொரு நவம்பர் மாதமும் எழுகிறது. கால்பந்து என்று நான் சொல்வது, நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை. மிச்சிகன், ஒகையோ ஸ்டேட் அணிகளின் ஆட்டத்தைச் சிலர் சொல்வார்கள். 1890-இல் தொடங்கிய தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டத்தைச் சிலர் சொல்வார்கள். எத்தனை ஆண்டுகள், எத்தனை பட்டங்கள், எத்தனை பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்று கணக்குகள் அடுக்கப்படும். எனக்கு அந்தக் கணக்குகளில் பிடிப்பு இல்லை. தோற்றவர் மறுநாள் காலையில் யார் முகத்தில் விழிக்கிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். வென்றவரின் முகத்திலேயே, அதுவும் அதே வீட்டில், அதே சமையலறையில் விழிக்க வேண்டியிருந்தால் அந்தப் போட்டிக்கு உயிர் உண்டு. நாம் பங்காளிச் சண்டை என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு மிக நெருங்கி வரும் ஆட்டம் அலபாமா மாநிலத்தில் நடக்கிறது. அலபாமா பல்கலைக்கழகமும் ஆபர்ன் பல்கலைக்கழகமும் மோதும் அந்த ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். இரும்பும் எஃகும் வார்த்த பர்மிங்ஹாம் நகரில் நெடுங்காலம் நடந்ததால் வந்த பெயர் அது.

அந்த மாநிலத்தில் என்எஃப்எல் எனப்படும் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பின் அணி ஒன்றுகூட இல்லை. ஆகவே மக்களின் பாசம் முழுவதும் இந்த இரண்டு கல்லூரிகளுக்கே போகிறது. நான் ஹன்ட்ஸ்வில் நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, எந்தப் பக்கம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எந்தப் பக்கமும் இல்லை என்ற பதிலை ஒருவரும் ஏற்கவில்லை. இந்தப் பிரிவுக்குள் பழைய மேல்தட்டு, கீழ்த்தட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1831-இல் திறக்கப்பட்ட அலபாமா பல்கலைக்கழகம் வழக்கறிஞர்களையும் அரசியல்வாதிகளையும் உருவாக்கிய இடம். ஆபர்னோ 1872 முதல் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பித்த அரசுக் கல்லூரி. அதை மாட்டுக் கல்லூரி என்று அலபாமாக்காரர்கள் இளக்காரமாகச் சொன்னார்கள். அந்த வார்த்தை ஆபர்ன்காரர்களின் நெஞ்சில் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவரை உயர்த்தியும் மற்றவரைத் தாழ்த்தியும் வளர்த்தால் வரும் வலி எத்தகையது என்பது நமக்குத் தெரியாததல்ல.

முதல் ஆட்டம் 1893 பிப்ரவரி 22 அன்று பர்மிங்ஹாமில் நடந்தது. ஆபர்ன் 32–22 என்று வென்றது. 1907-இல் 6–6 என்று சமனில் முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, வீரர்களுக்கான படிக்காசு எவ்வளவு, நடுவர்களை எங்கிருந்து அழைப்பது என்பன போன்ற சில்லறை விஷயங்களில் பிணக்கு ஏற்பட்டு, 41 ஆண்டுகள் இரு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவேயில்லை. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அண்ணன் தம்பிகளைத்தான் இது நினைவூட்டுகிறது. கடைசியில் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. 1948-இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, இரு கல்லூரி மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாம் பூங்கா ஒன்றில் குழி வெட்டி, பகை தீர்ந்ததன் அடையாளமாக ஒரு கோடரியைப் புதைத்தார்கள். அந்த ஆண்டு அலபாமா 55–0 என்று வென்றது. இத்தனை நீண்ட இடைவெளியிலும் இந்தப் பகை மறக்கப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆண்டுதோறும் ஆடுவதால் மட்டும் அது வளர்ந்திருந்தால், இரண்டு தலைமுறை மௌனத்தில் அணைந்துபோயிருக்க வேண்டும்.

அதோடு, எளியவன் என்றாவது ஒரு நாள் வெல்லக்கூடும் என்ற நம்பிக்கையும் வேண்டும். மொத்த வெற்றிகளில் அலபாமாவே முன்னிலையில் இருக்கிறது. ஆனாலும் 2013 நவம்பர் 30 என்ற நாள் இருக்கிறது. அலபாமா தொடர்ந்து இரண்டு முறை தேசியப் பட்டம் வென்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஆண்டு அது. 28–28 என்று சமனில் நின்ற ஆட்டத்தில், நேரம் முடிந்ததாகத் தோன்றியபோது, அலபாமாவின் முறையீட்டை ஏற்று நடுவர்கள் ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு விநாடியில் அலபாமா 57 கஜத் தொலைவிலிருந்து கம்பங்களை நோக்கி உதைத்த பந்து எட்டாமல் விழ, களத்தின் கடைக்கோடியில் காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, இடப்புற எல்லைக்கோட்டை ஒட்டி மறுமுனைவரை ஓடினார். அந்த ஓட்டம் தந்த ஆறு புள்ளிகளால் ஆபர்ன் 34–28 என்று வென்றது. நான் அந்த ஆட்டத்தைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் ஆபர்ன், மனைவி அலபாமா. வாசலில் இரண்டு கல்லூரிகளின் நிறங்களையும் பாதிப்பாதியாகத் தைத்த கொடி. கணவர் தரையில் மண்டியிட்டு அழுதார். அந்த அம்மாள் சற்று நேரம் சுவரையே பார்த்திருந்துவிட்டு, எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். அந்த வீட்டில் அன்றிரவு யாரும் கேலி பேசவில்லை.

இந்தப் பாசம் முறுக்கேறி விகாரமானதும் உண்டு. 2010-இல் ஆபர்ன் 24–0 என்று பின்தங்கியிருந்து 28–27 என்று மீண்டு வென்றபின், ஓர் அலபாமா ரசிகர், ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாட வெள்ளைக் காகிதச் சுருள்களை வீசும், ஆபர்ன் நகரின் டூமர்ஸ் முனையில் நின்ற முதிய ஓக் மரங்களுக்குக் களைக்கொல்லி நஞ்சை ஊற்றினார். அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். மரத்துக்கு நஞ்சு வைப்பவன் எந்த அணிக்கும் ரசிகன் அல்லன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மரங்களைக் காக்க அலபாமா ரசிகர்களே பணம் திரட்டினார்கள். சில மாதங்களில், 2011 ஏப்ரல் 27 அன்று, மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சூறாவளிகளில் ஒன்று அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரைச் சிதைத்தபோது, ஆபர்ன் ரசிகர்கள் டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா என்ற பெயரில் முகநூல் வழியே ஒன்றுகூடி, தண்ணீரும் உணவும் கருவிகளும் அனுப்பினார்கள்.

இன்று இந்த உறவுகளை அறுப்பது ரசிகர்களின் வெறி அல்ல, ஒளிபரப்புப் பணம். 1910 முதல் ஓராண்டும் விடாமல் ஆடிவந்த ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023-உடன் பிரிந்துவிட்டன, ஏனெனில் பெரிய அணியான ஓக்லஹோமா, அதிக வருமானம் தரும் வேறு கூட்டமைப்புக்கு, அதாவது பெரும்பாலும் தமக்குள் ஆடிக்கொள்ளும் வேறொரு கல்லூரிக் குழுவுக்கு, மாறியது. லாஸ் ஏஞ்சலஸ் அணி ஒன்று கண்டத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போய் ஆடுகிறது. அங்கே யாருக்கு யார் மீது என்ன கோபம் இருக்க முடியும்? டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்குப் பிறகு 13 ஆண்டுகள் மோதவில்லை. ஆனாலும் இரு கல்லூரிகளின் மாணவர்களும் எதிராளியைச் சாடும் தங்கள் பழைய பாடல்களை விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அவர்கள் மீண்டும் சந்தித்தபோது டெக்சஸ் 17–7 என்று வென்றது. அந்த மறுசந்திப்பும் கூட்டமைப்பு மாற்றத்தின் விளைவாகவே வாய்த்தது. ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவோர் இப்படி மீண்டும் சேர்த்துவைப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் நம்பியிருக்க முடியாது.

அலபாமாவில் ஒரு வழக்கம் உண்டு. அயர்ன் பவுலில் வென்ற கல்லூரிக்கு, பின்னர் நடக்கும் கூடைப்பந்து ஆட்டமொன்றின் இடைவேளையில் ஒரு கோப்பை வழங்கப்படும். அப்போது தோற்ற கல்லூரியின் மாணவர் தலைவர் அரங்கின் நடுவில் நின்று, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, வென்ற கல்லூரியின் பாட்டைப் பாட வேண்டும்.