பெண் கெக்கோவுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்களுக்கு

லெபர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லி ஒன்றை வாங்கிச் சில மாதங்கள் ஆவதற்குள் பலருக்கும் ஒரே யோசனை வந்துவிடுகிறது: "பாவம், தனியாக இருக்கிறது. ஓர் ஆணை வாங்கி விட்டால் என்ன?" இதில் பாவப்பட ஒன்றுமில்லை, அது குடும்பம் நடத்தும் பிராணி அல்ல. ஈரமான இடத்தில் குழி தோண்டி, இரண்டு முட்டைகளை இட்டு மூடியதும் தாயின் வேலை முடிந்தது, திரும்பிக்கூடப் பார்க்காது. குஞ்சு வேண்டும் என்று ஆசைப்படுவது கெக்கோ அல்ல, நாம்தான்.

ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் ஒன்றரை வயதும் 50 கிராம் எடையும் ஆகாத பெண்ணை ஆணோடு விடாதீர்கள். சமையலறைத் தராசு போதும், நிறுத்துப் பாருங்கள். வாலையும் பாருங்கள், கொழுப்பை அது அங்கேதான் சேமிக்கிறது. முட்டைக் காலத்தில் இரை எடுப்பது குறைந்து, தடித்திருந்த வால் மெலிந்துகொண்டே போகும். இரைப் பூச்சிகளின் மேல் கல்சியம் தூள் தூவிக் கொடுக்காவிட்டால், முட்டைக்கான கல்சியம் தாயின் எலும்பிலிருந்தே போகும். முட்டை வயிற்றில் சிக்கிக்கொண்டால், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரை அந்த நேரத்தில் தேடக் கூடாது. முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பெண் கெக்கோ ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை சேர்ந்துவிட்டால், ஆணைப் பிரித்த பிறகும் சில வாரங்களுக்கு ஒரு தடவை, இரண்டிரண்டாக, அந்தப் பருவம் முழுவதும் முட்டை வந்துகொண்டிருக்கலாம். "ஒரே ஒரு தடவை பார்ப்போம்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

கொழும்பு வெக்கைக்கு அடைகாக்கும் பெட்டி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே அந்த வெப்பநிலைதான்! 26, 27 பாகை செல்சியஸில் அநேகமாக எல்லாம் பெண்கள். 32 பாகையை ஒட்டினால் பெரும்பாலும் ஆண்கள். சித்திரை மாதத்து மூடிய அறையில், அலுமாரியின் மேல் முட்டைகளை வைத்துவிட்டு என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? பெட்டியும், சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் இருந்தாலும் மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற யோசனை வேண்டும். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நகரம் இது.

ஆண்கள் பிறந்தால் என்ன என்கிறீர்களா? வளர்ந்த இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனிச் சூடு, தனி மறைவிடம். குஞ்சு பொரிக்கும்போது மூன்று கிராம்தான் இருக்கும். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு, தொட்டால் வாயைத் திறந்து கீச்சென்று கத்தும். பார்க்கவே கொள்ளை அழகு. அந்த அழகை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது 15, 20 வருடம் வாழும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஆளுக்கே இடம் போதாத வீட்டில், பத்துப் பெட்டிகளை எங்கே அடுக்குவீர்கள்? "கூட்டாளிமார் எடுப்பார்கள்" என்று சொல்லாதீர்கள். குஞ்சின் படத்துக்கு விருப்புக்குறி போடுபவர் எல்லாம் அதற்கு உயிர்ப்பூச்சி வாங்கிப் போடமாட்டார்.

பரம்பரை பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோர் யார் என்று கடைக்காரருக்கே தெரியாத கெக்கோவை இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள். எனிக்மா என்ற நிறவகையில் தலை சாய்ந்து, ஒரே இடத்தில் வட்டமடிக்கும் நரம்புக் கோளாறு பரம்பரையாக வருகிறது. லெமன் ஃப்ரொஸ்ட் என்ற பளபளப்பான நிறவகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டி வருகிறது. நிறத்துக்கும் கட்டிக்கும் காரணம் ஒரே மரபணு என்று 2021 இல் வெளியான ஆய்வு சுட்டியது. என் கணக்கில், இவற்றைத் தெரிந்தே பெருக்கி விற்பது அப்பட்டமான கொடுமை.

ஏற்கெனவே இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டவர்கள் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். முட்டை கிடைத்து, குஞ்சு வேண்டாம் என்றால், இட்ட அன்றே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். கல் நெஞ்சு என்று என்னைத் திட்டுபவர்கள், ஆளுக்கு இரண்டு ஆண் கெக்கோக்களை எடுத்துக்கொண்டு திட்டலாம்.